வாசகர் கேள்வி – பதில்: கண்ணாடி வளைக்கும் ஒளி

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பு ஜன்னல்களில் பழைய வண்ணக் கண்ணாடிகள் இருக்கின்றன. காலை வெயில் அவற்றின் வழியே தரையில் விழுவதை இரண்டு மாதங்களாகப் படம் எடுத்து வருகிறேன். நிறத் திட்டுகள்தாம் பதிகின்றன. ஒளிவிலகலால் உருவாகும் அருவப் படங்களில் (இன்ன பொருள் என்று அடையாளம் காட்டாத படங்களில்) காணப்படும் நூல் போன்ற கோடுகளும் மடிப்புகளும் வரவில்லை. குறை என் லென்ஸிலா, என்னிடமா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: இரண்டிலும் இல்லை. வண்ணக் கண்ணாடி நிறம் தருவது ஒளியை வளைப்பதால் அன்று, சில நிறங்களை விழுங்கிவிடுவதால். கோபால்ட் கலந்த கண்ணாடி நீலமாகத் தெரிவது மற்ற நிறங்களில் பெரும்பகுதியை அது தன்னுள் நிறுத்திக்கொள்வதனாலேயே. தட்டையான பலகைக்குள் நுழையும் ஒளி சற்றே விலகி, வெளியேறும்போது பழைய திசைக்கே திரும்பிவிடுகிறது. அந்தக் காலத்துப் பலகைகளில் மெல்லிய அலைவுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை வரையும் கோடுகளைச் சூரியனே அழித்துவிடுகிறது. சூரியன் நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே ஜன்னலிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் விழும் ஒவ்வொரு விளிம்பும் கிட்டத்தட்ட 3 செ.மீ. அகலத்துக்குக் குழைந்துபோகும். எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் அதைத் திரும்பக் கூர்மையாக்க இயலாது.

நீங்கள் தேடும் கோடுகளுக்கு மூன்று தேவை: மிகச் சிறிய விளக்கு, வளைவுள்ள கண்ணாடி, இருட்டு. மூன்றாவதற்கு உங்கள் வீட்டிலேயே வழி இருக்கிறது. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் பகலிலும் கதவைச் சாத்தினால் போதிய இருள் கிடைக்கும்.

எல்.இ.டி. டார்ச் ஒன்றின் முகத்தை அலுமினியத் தாளால் மூடி, 1 மி.மீ. அளவுக்கு ஒரு துளை இடுங்கள். அதை 2 மீட்டர் தொலைவில் நிறுத்தி, கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஆம், கழற்றத்தான் வேண்டும். லென்ஸ் இருந்தால் கண்ணாடிப் பொருளின் படம் கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பொருள் சென்சார் மீது, அதாவது கேமராவினுள் ஒளியைப் பதிவுசெய்யும் தகட்டின் மீது, நேரடியாக வரையும் ஒளி. சென்சாரிலிருந்து 10 செ.மீ. முன்னால் கண்ணாடியைப் பிடித்தால், அந்தச் சிறு துளையால் ஏற்படும் குழைவு 0.05 மி.மீ. மட்டுமே. தரையில் 3 செ.மீ. அகலத்துக்குக் குழைந்த விளிம்பு இங்கே மயிரிழையாக நிற்கும். கேமராவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பைத் தேடி இயக்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, அரை விநாடி என்று தொடங்கி, வெளிச்சக் கோடுகள் வெளிறிப் போகாத அளவுக்கு நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

கோடு ஏன் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரிந்தவர்க்கே கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். மெல்லிய மல் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடித்தால், மடிப்பு விழும் இடம் அடர்ந்து தெரியும் அல்லவா? வளைந்த கண்ணாடியைக் கடக்கும் ஒளியும் அப்படியே தன்மேல் தானே மடிகிறது. மடியும் விளிம்பில் கதிர்கள் நெருங்கிப் பளிச்சென்ற கோடாகின்றன. இதை இயற்பியலில் காஸ்டிக் என்பார்கள். அந்தக் கோட்டை அடுத்து ஒளி எவ்வாறு வரிவரியாக அமைகிறது என்பதை ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை நுண்ணியதாக இருந்தால் அந்த வரிகளுமே சில வேளை உங்கள் படத்தில் விழும். முதன்முதலில் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆகவே, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்பவர்கள் முதலில் கையிலெடுக்கும் சரவிளக்குத் தொங்கல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை தீட்டிய தட்டை முகங்கள் ஒளியைப் பிரித்துத் திருப்புமே தவிர மடிக்காது. குப்பியின் உருண்டை மூடி, தடித்த அடிப்பாகமுள்ள தம்ளர், கையால் ஊதிச் செய்த கிண்ணம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஈயம் கலந்த கண்ணாடி கிடைத்தால் நல்லது: ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் விலகல் எண் சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.5, ஈயக் கண்ணாடிக்கு அது இன்னும் கூடுதல், நிறங்களைப் பிரிக்கும் ஆற்றலும் கூடுதல். ஊதா அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் வளைவதால் கோடுகளின் ஓரத்தில் தாமாகவே நிறம் பூக்கும். கணினியில் சேர்க்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்துச் செம்மண் தூசி திறந்த சென்சாரில் படிந்தால் ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளியாக நிற்கும். முதல் வாரமே அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கேமராவின் வாய்மூடி ஒன்றில் வட்டமாக வெட்டி, அதில் தட்டையான யூவி ஃபில்டரை ஒட்டி மாட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் கழற்றிய கேமராவுக்கு வெயிலையும் லேசரையும் ஒருபோதும் விளக்காகக் கொள்ள வேண்டாம். கண்ணாடி அவற்றைக் குவித்துச் சென்சாரைப் பொசுக்கிவிடக்கூடும்.

கேள்வி: லென்ஸும் இல்லை, எதிரே காட்சியும் இல்லை. இதைப் புகைப்படம் என்று சொல்வது முறையா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: முறையே. 1917இல் புகைப்படக் கலைஞர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் முகம் பார்க்கும் கண்ணாடிகள் மூன்றை முக்கோணமாக இணைத்து அருவப் படங்கள் எடுத்தார். 1920களில் மான் ரே, மொஹோய்-நாஜ் என்ற கலைஞர்கள் கேமராவே இன்றி, ஒளியுணர் தாளின் மேல் பொருள்களை வைத்துப் படம் செய்தார்கள். ஒளி தன் தடத்தைப் பதிக்க வேண்டும் என்பதே இக்கலையின் ஒரே நிபந்தனை என நான் கருதுகிறேன்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. முயலலாமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: தாராளமாக. கைபேசியின் லென்ஸைக் கழற்ற முடியாதாகையால், ஒளியை ஒரு தாளில் விழச் செய்து அந்தத் தாளைப் படம் எடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலேயே நேராக எடுக்க முயல வேண்டாம். கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் வழுவழுப்பானது, கூரையின் பிரதிபலிப்பையும் சேர்த்துக் காட்டும். வெள்ளைத் தாளை விரித்து, தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரைத் தாளிலிருந்து 5 செ.மீ.க்குள் சாய்வான காலை வெயிலில் பிடியுங்கள். அவ்வளவு நெருக்கத்தில் சூரியனின் குழைவு அரை மில்லிமீட்டர் அளவே என்பதால் கோடுகள் தெளிவாகவே விழும். கைபேசியைத் தம்ளரின் நிழல் பக்கமாகக் கொண்டுவந்து, அந்தக் கோட்டைத் தொட்டு ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள்.