குதிரைத்திறன் கூட்டினால் வாரண்டி என்ன ஆகும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்கள் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "வாரண்டி போய்விடுமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தர முடியாது. எந்தப் பாகம் பழுதானது, எதனால் பழுதானது, அதற்குப் பொறுப்பேற்பதாக யார் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த முறை வந்த கேள்விகளையும் அப்படியே பார்க்கிறேன்.

கேள்வி: ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல், எஞ்சின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்திருக்கிறேன். இப்போது பவர் விண்டோ மோட்டார் வேலை செய்யவில்லை. "எஞ்சினில் கை வைத்துவிட்டீர்கள், மொத்த வாரண்டியும் ரத்து" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். அவர் சொல்வது சரியா?

சரியில்லை. ரீமேப் செய்ததற்கும் ஜன்னல் மோட்டார் நின்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இல்லாத பழுதுக்கு ரீமேப்பைக் காரணம் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

காரோடு வரும் வாரண்டி பல தனித்தனி வாக்குறுதிகளின் தொகுப்பு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு பகுதி, மின்சாதனங்கள் ஒரு பகுதி, பெயிண்ட்டும் துருவும் இன்னொரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனிக் காலவரையறை, தனி விலக்குகள். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இதில் முக்கியமானது. வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்திவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க அங்கே முடியாது. அந்தப் பாகம்தான் பழுதை உண்டாக்கியது என்று காட்டினால் மறுக்கலாம். சட்டத்தின் வாசகம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் உங்கள் வாரண்டி புத்தகத்திலும் "மாற்றங்களால் ஏற்படும் சேதம்" என்ற வகையில் ஒரு வரி இருக்கும். அதில் "மாற்றங்களால்" என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக உறுதியாகப் பேசுகிறவர்கள், எழுதித் தரச் சொன்னதும் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

அதே சட்டத்தை வைத்துக்கொண்டு "யாரும் எதையும் மறுக்க முடியாது" என்று விற்பனை பேசும் டியூனர்களும் (காரின் சக்தியைக் கூட்டித் தருகிறவர்கள்) இருக்கிறார்கள். அதையும் நம்ப வேண்டாம். பூஸ்ட்டை (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை) ஏற்றிய எஞ்சினில் பிஸ்டன் உடைந்தால், காரணத்தைக் காட்டுவது கம்பெனிக்குப் பெரிய வேலையாக இருக்காது.

கேள்வி: சர்வீஸுக்குப் போகும் முன் கம்பெனி மென்பொருளையே திரும்ப ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாதுதானே?

கண்டுபிடிக்க முடியும். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த நம்பிக்கையில்தான் ரீமேப் செய்கிறார்கள்.

இசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இருக்கும் கேலிப்ரேஷனிலிருந்து, அதாவது அமைப்பு மதிப்புகளிலிருந்து, கணக்கிடப்படும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. சிவிஎன் என்பார்கள். மென்பொருளில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள், வாரண்டியில் எஞ்சின் மாற்றும் முன் இந்த எண்ணைப் பதிவு செய்து அனுப்பும்படி டீலர்களிடம் கேட்கின்றன. பழைய மென்பொருளை ஏற்றினால் இந்த எண் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் பல இசியூக்கள் தங்கள்மேல் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கையும் வைத்திருக்கின்றன. கம்பெனியின் சர்வீஸ் பதிவில் இரண்டு முறை, இசியூவில் நான்கு முறை என்று இருந்தால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதே இல்லை.

அப்புறம், இசியூவில் பதிவான பழுதுக் குறியீடுகளை (கோடு என்பார்கள்) அழித்த பிறகு ஓடிய தூரமும் எஞ்சின் சூடான தடவைகளும், காரில் செருகிப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே தெரியும். எஞ்சின் உடைந்து இழுத்து வரப்பட்ட கார், கோடு அழித்து 3 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று காட்டினால் எந்த டெக்னீஷியனுக்கும் சந்தேகம் வரும். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் டீலரின் கருவி இணையத்தில் இணைந்திருக்கும்போது மாற்றம் கண்டறியப்பட்டால், டிடி1 என்ற குறி அந்தக் காரின் பேரில் மையப் பதிவில் ஏறிவிடும். அதன் பிறகு எந்த டீலரிடம் போனாலும் அந்தக் குறி கூடவே வரும்.

இத்தனையையும் தாண்டினாலும் உடைந்த உலோகம் இருக்கிறது. வளைந்த கனெக்டிங் ராடு, ரிங் பள்ளங்களுக்கு இடையே உடைந்த பிஸ்டன், உருகிய பிஸ்டன் முகப்பு எல்லாம் அளவுக்கு மீறிய அழுத்தத்துக்கும் நாக்கிங்குக்கும் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதற்கும்) ஆளான எஞ்சினில் அடிக்கடி காணப்படுபவை. நியாயம் என்று பார்த்தாலும், மறைத்து க்ளெய்ம் கேட்பது ஏமாற்று. அதன் சுமை, மாற்றம் எதுவும் செய்யாமல் உண்மையான குறையோடு வருகிறவர்மேல் விழுகிறது. அவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: இசியூவைத் தொடாமல் டியூனிங் பாக்ஸ் மட்டும் மாட்டினால்?

கழற்றுவது எளிது, அவ்வளவுதான். சென்சார் அனுப்பும் எண்ணைக் குறைத்துக் காட்டி எஞ்சினை அதிக பூஸ்ட் எடுக்க வைப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. இசியூவில் இருக்கும் எரிபொருள் திருத்தங்களும் அது ஓட்டத்தில் கற்றுக்கொண்ட மதிப்புகளும் அதற்கேற்ப நகர்ந்திருக்கும், பெட்டியைக் கழற்றினாலும் அது தடயமாகலாம். இசியூவின் பாதுகாப்பு எல்லைகள் பொய்யான எண்களை நம்பி வேலை செய்யும் என்பதால், ஒழுங்காக எழுதிய ரீமேப்பைவிட இதை நான் ஆபத்தானதாகவே கருதுகிறேன்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிட் பொருத்தித் தரும் நிறுவனம் "3 வருட வாரண்டி" தருவதாகச் சொல்கிறது. அதை வைத்து மனநிம்மதியோடு இருக்கலாமா?

எதற்கு வாரண்டி என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

கிட்டுக்கு வாரண்டி என்றால், சூப்பர்சார்ஜரின் பேரிங் போனால் வேறு சூப்பர்சார்ஜர் தருவார்கள். அதன் அழுத்தத்தால் எஞ்சின் போனால், அது உங்கள் செலவு. எஞ்சினுக்கும் சேர்த்து வாரண்டி என்பது வேறு பொருள். கம்பெனி மறுக்கும் எஞ்சின் பழுதை டியூனர் தன் கைக்காசில் ஏற்கிறார் என்று அர்த்தம். அப்படி ஏற்கும் நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் ஹென்னஸி, ரௌஷ் போன்றவை தாங்கள் உருவாக்கும் கார்களுக்கு 3 வருடம் அல்லது 36,000 மைல் என்று தருகின்றன. ஜெர்மனியின் பிராபஸ் தன் டியூனிங்குக்கு 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை தருகிறது. 3 வருடம் என்ற சொல் எல்லா விளம்பரத்திலும் ஒன்றுபோல் இருக்கும். பின்னால் இருக்கும் பக்கங்கள் ஒன்றுபோல் இருக்காது.

அந்தப் பக்கங்களில் நான் முதலில் தேடுவது "தொடர்விளைவான சேதம்" என்ற வரியை. அது விலக்கப்பட்டிருந்தால், பெல்ட் அறுந்து அதனால் எஞ்சின் கெட்டாலும் பெல்ட் மட்டும்தான் கிடைக்கும். அடுத்து, பிரித்து மாட்டும் கூலி சேர்ந்ததா என்று பார்ப்பேன். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி பல சமயம் பாகத்தின் விலையையே எட்டிவிடும். காரை அவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவு யாருடையது? தொலைவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாரண்டி காலம் எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். சிலர் மாற்றம் செய்த நாளிலிருந்து கணக்கிடுவார்கள், சிலர் கார் முதலில் விற்ற நாளிலிருந்து. இரண்டு வருடம் ஓடிய காருக்கு இரண்டாவது வகை வாரண்டி கிடைத்தால் மிஞ்சுவது ஒரு வருடம்தான்.

நிபந்தனைகளையும் படியுங்கள். குறிப்பிட்ட ஆக்டேன் பெட்ரோல் மட்டும், ஆயில் மாற்ற இடைவெளி பாதி, ஸ்பார்க் பிளக் இந்த வகைதான் என்றெல்லாம் இருக்கும். இவை பூஸ்ட் கூடிய எஞ்சினுக்கு உண்மையிலேயே தேவையானவை. அமெரிக்காவில் 93 ஆக்டேன் என்று எழுதியிருப்பது, மற்ற பல நாடுகளின் பெட்ரோல் பங்க்குகளில் காணும் 98 ஆர்ஓஎன்னுக்கு (ஆக்டேனை அளக்கும் இன்னொரு முறை) ஏறத்தாழ சமம். எண் எந்த முறைப்படி என்று பார்க்காமல் 93 ஆர்ஓஎன் போட்டால் எஞ்சினுக்கும் கேடு, வாரண்டிக்கும் கேடு. பெட்ரோல் பில்லையும் ஆயில் பில்லையும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, அந்த நிறுவனம் 3 வருடம் கழித்தும் இருக்குமா என்பதையும் யோசியுங்கள். நேற்றுத் தொடங்கிய பட்டறை 10 வருட வாரண்டி தந்தாலும் அது அந்தப் பட்டறையின் ஆயுளைவிட நீளாது.

கேள்வி: கார் கம்பெனியே விற்கும் பெர்ஃபார்மன்ஸ் கிட் என்றால் பயமில்லையா?

பயம் மிகவும் குறைவு. ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் போன்ற பிரிவுகள் சில கிட்களை வாரண்டியோடு விற்கின்றன. ஆனால் டீலரோ சான்று பெற்ற டெக்னீஷியனோ பொருத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. அதே கிட்டை நண்பரின் கராஜில் பொருத்தினால் கணக்கு மாறிவிடும். அதே பட்டியலில் "போட்டிக்கு மட்டும்" என்று குறித்த பாகங்களும் இருக்கும், அவற்றுக்குப் பெரும்பாலும் வாரண்டியே இருக்காது. பெட்டியில் கம்பெனி முத்திரை இருப்பதால் மட்டும் ஒன்றும் உறுதியில்லை.

கேள்வி: எஞ்சினை மட்டும்தான் டியூன் செய்தேன். கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. அது போனதற்கும் வாரண்டி மறுக்கிறார்களே?

வருத்தமான செய்திதான், ஆனால் இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். எஞ்சின் தரும் டார்க் (சுழற்றும் விசை) முழுவதும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ், அதாவது டிகியூ200, 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. ஈரக் கிளட்ச் உள்ள 6 வேக டிகியூ250-க்கு 350. முதல் வகை பொருத்திய காரில் 320 நியூட்டன் மீட்டர் எடுத்தால், கியர்பாக்ஸைத் தொடவில்லை என்று சொல்வதில் பயனில்லை. குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மகிழ்கிறோம், கிளட்ச்சைத் தேய்ப்பது டார்க்.

ஆனால் பழுது மெக்காட்ரானிக்ஸ் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் பகுதி) மின்சுற்றிலோ ஆயில் சீலிலோ இருந்தால் வாதாட இடம் உண்டு. கியர்பாக்ஸில் எந்தப் பாகம், எப்படிப் போனது என்ற அறிக்கை இல்லாமல் மறுப்பை ஏற்க வேண்டாம்.

கேள்வி: ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட் பின்பகுதியும் மட்டும் மாற்றினால்?

பெரும்பாலும் பிரச்சினை வராது. கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எடுத்துவிட்டு டவுன்பைப் எனும் வெறும் குழாயைப் போடுவது வேறு கதை. புகைக்கட்டுப்பாட்டு வாரண்டி போவதோடு, பல நாடுகளில் அது சட்டமீறலும்கூட.

கேள்வி: டியூன் செய்த காரை ஒரு நாள் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கலாமா?

ஓட்டலாம், அன்று உடைவது உங்கள் பொறுப்பு என்ற தெளிவோடு. கம்பெனி வாரண்டி, டியூனர் வாரண்டி இரண்டிலுமே போட்டிப் பயன்பாடு பொதுவாக விலக்கு. போர்ஷே கார்களில் எஞ்சின் எந்த அளவுக்கு மீறிச் சுழன்றது என்பதைக்கூட வரம்பு வாரியாக இசியூ குறித்து வைக்கிறது. டிராக்கில் எடுத்த வீடியோவை நீங்களே வெளியிட்டால் அதுவும் சாட்சிதான்.

இன்சூரன்ஸையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் க்ளெய்ம் மறுக்கப்படலாம். எஞ்சின் செலவைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு அது.

கேள்வி: ஏற்கெனவே டியூன் செய்த காரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறேன். டியூனரின் வாரண்டி எனக்கும் வருமா?

தானாக வரும் என்று நினைக்காதீர்கள். பெயர் மாற்றம் அனுமதிக்கிறார்களா, அதற்குக் கால வரம்பு உண்டா என்று டியூனரிடம் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்.

கேள்வி: எஞ்சின் போய்விட்டது. கார் இப்போது டீலரிடம் நிற்கிறது. "டியூன் செய்திருக்கிறீர்கள், பிரித்துப் பார்க்கக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலியை நீங்களே தர வேண்டும் என்று அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்கும். கூலிக்கு உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். பிரிக்கும்போது உடன் இருக்கவோ, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துத் தரவோ கேளுங்கள். கழற்றிய பாகங்களை எறியக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.

டியூன் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், உண்மையிலேயே கம்பெனியின் குறையாக இருக்கும் பழுதுக்கும் உங்கள் பேச்சு எடுபடாது. டைனோ தாள் (எஞ்சின் சக்தியை அளந்த தாள்), டேட்டாலாக் (ஓட்டத்தின்போது பதிவான எஞ்சின் தரவு), ஆயில் பில்கள் இருந்தால் இப்போது எடுங்கள். அதே எஞ்சினில், டியூன் செய்யாத கார்களிலும் அதே பழுது வருகிறது என்பதற்குக் கம்பெனியின் சர்வீஸ் புல்லட்டினோ (டீலர்களுக்கு அனுப்பும் பழுதுக் குறிப்பு) ரீகால் அறிவிப்போ இருந்தால், அதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம். ஆயில் பம்ப் குறையால் பேரிங் போயிருந்தால் ரீமேப் அதற்குக் காரணம் ஆகாது.

மறுத்தால், எந்தப் பாகம், எந்த மாற்றம், இரண்டுக்கும் தொடர்பு எப்படி என்று எழுத்தில் வாங்கி, கம்பெனியின் வட்டார அலுவலகத்துக்கு அனுப்புங்கள். டீலரின் முடிவே கடைசி முடிவு என்று இல்லை. அங்கேயும் மறுத்தால் தனி ஆய்வாளரை வைத்து அறிக்கை எடுத்து நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். அவர் பார்த்து முடிக்கும் வரை காரை அங்கிருந்து நகர்த்தவோ, பாகங்களைத் திரும்பச் சேர்க்கவோ விடாதீர்கள்.