கவலையால் தூக்கம் கெட்டவர்களுக்கு: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு வட்டார ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் கேள்விகளில் கவலையால் வரும் தூக்கமின்மை பற்றியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால்தான் நாள்பட்டது என்று பெயர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது நோய் இல்லை. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்வது, இதெல்லாம் இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். அது வேறு பிரச்சினை.

பட்டர்வொர்த்: அக்கா, ஆள்குறைப்பில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் கெட்டது. இப்போது வேலை நிரந்தரம், பயமும் போய்விட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. 10:30-க்குப் படுத்து 6:30-க்கு எழுகிறேன். கூட்டிப் பார்த்தால் தூங்குவது 5 மணி நேரம் இருக்கும்.

தம்பி, உங்கள் கேள்வியில்தான் இந்த நோயின் குணமே இருக்கிறது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற ஆய்வாளர் 1987-ல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இயல்பிலேயே எளிதில் பதறுகிற மனம், தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சம்பவம், அதன்பின் நாமே தூக்கத்தைப் பிடிக்கச் செய்கிற காரியங்கள். சம்பவம் முடிந்தாலும் மூன்றாவது முடிவதில்லை. சீக்கிரம் படுக்கப் போவது, ஞாயிற்றுக்கிழமை 10 மணிவரை கிடப்பது, மணி பார்ப்பது, மதியம் ஈடுகட்டித் தூங்குவது, இவைதான் தூக்கமின்மையை உயிரோடு வைத்திருக்கின்றன.

கணக்கு இப்படி. படுக்கையில் 8 மணி நேரம், தூக்கம் 5 மணி நேரம். 5-ஐ 8-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். நமக்கு வேண்டியது 85-க்கு மேல். தூக்கத்தைக் கட்டளையிட்டுக் கூட்ட முடியாது, படுக்கை நேரத்தைக் குறைக்க முடியும்.

ஒரு வாரம் காலையில் மட்டும் குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தேன், சுமாராக எவ்வளவு தூங்கினேன். சராசரி 5 மணி வந்தால், அரை மணி சேர்த்து ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கை. காலை 6 மணிக்கு எழுவதென்றால் இரவு 12:30-க்கு முன் படுக்கக் கூடாது. 12:30 ஆகியும் கண் சொக்கவில்லை என்றால் சொக்கும்வரை காத்திருங்கள். ஆனால் 6 மணிக்கு எழுவது எழுவதுதான், ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து. வார முடிவில் கணக்குப் பாருங்கள். 85-க்கு மேல் போனால் 12:15-க்குப் படுங்கள். அடுத்த வாரமும் நின்றால் 12:00. போகவில்லை என்றால் அதே நேரத்தில் இன்னொரு வாரம். யாராக இருந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

முதல் வாரம் பகலில் கண்ணைக் கட்டும். அதுதான் மருந்து வேலை செய்கிற அடையாளம், ஆபத்தும் அதில்தான். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் அந்த வாரம் பஸ்ஸிலோ ஃபெரியிலோ போங்கள். லோரி ஓட்டுநர்கள், மெஷினில் நிற்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது.

ஆயர் ஈத்தாம்: பகலெல்லாம் ஒன்றுமில்லை. தலையணையில் தலை வைத்ததும் எல்லாக் கவலையும் வரிசையில் வந்து நிற்கிறது. என்ன செய்ய?

அந்தக் கவலைகளுக்குப் பகலில் நீங்கள் நேரமே கொடுக்கவில்லை, அதனால் இரவில் வருகின்றன. நேரம் கொடுத்துவிடுங்கள்.

மாலை 7 மணி வாக்கில் சாப்பாட்டு மேசையில் 20 நிமிடம். பள்ளிக்கூட நோட்டு போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கான அடுத்த ஓர் அடி, எப்போது செய்வது என்பதோடு. ‘மகளின் கல்லூரிக் கட்டணம்’ என்று இடப்பக்கம் இருந்தால், ‘திங்கள் காலை 10 மணிக்கு அலுவலகத்துக்குப் போன் செய்து தவணை கேட்பது’ என்று வலப்பக்கம். ‘பணம் புரட்ட வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை, அது அதே கவலைதான். ‘அம்மாவுக்கு வயதாகிறதே’ போன்றதற்கு அடி ஏதும் இல்லை. ‘இன்று செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்றே எழுதுங்கள். பிறகு நோட்டை மூடி மேசையிலேயே வையுங்கள். இரவில் அதே கவலை வந்தால், ‘எழுதியாகிவிட்டது, நாளை 7 மணிக்கு’ என்று ஒரு வாக்கியம், அதோடு நிறுத்துங்கள்.

எல்லோரும் செய்கிற தவறு மூன்று: படுக்கையில் உட்கார்ந்து எழுதுவது, கைப்பேசியில் எழுதுவது, கவலை இல்லாத நாளில் விட்டுவிடுவது. இதில் ஒரு சின்னச் செய்தியும் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். இனிமேல் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்பே தூங்கினார்கள்.

ஜெலுத்தோங்: நல்ல தூக்க மாத்திரை பெயர் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னதும் மாத்திரையை இல்லை, மேலே சொன்ன மாதிரியான நடத்தைச் சிகிச்சையைத்தான்.

நிபோங் திபால்: அல்ப்ரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை 2 வருடமாகப் போடுகிறேன். இதைப் படித்ததும் இன்றோடு நிறுத்தலாம் என்றிருக்கிறேன்.

நிறுத்தாதீர்கள் அம்மா. திடீரென்று விட்டால் முன்னைவிட மோசமான தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், ‘குறைத்து நிறுத்த வேண்டும்’ என்று கேளுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள்.

பிறை: பக்கத்து வீட்டு அண்ணி கொடுத்த சளி மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. தொடரலாமா?

கூடாது. சில நாளில் உடம்பு பழகி வேலை செய்யாமல் போகும், வயதானவர்களுக்குக் குழப்பமும் விழுகையும் தரும். மாத்திரைக் கேள்வி இன்னும் ஆறு இருக்கிறது. ஆறுக்கும் பதில் மேலே இருப்பதுதான்.

ஜார்ஜ்டவுன், வயது 71: தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடக்காமல் எழுந்திரு, எழுந்திரு என்று உங்களைப் போன்றவர்கள் சொல்கிறீர்கள். கண்ணை மூடிப் படுத்திருந்தாலே பாதித் தூக்கம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது பொய்யா?

பொய் இல்லை ஐயா, அது ஓய்வு. ஓய்வு வேறு, தூக்கம் வேறு. அசதியும் தூக்கமும்கூட வேறு வேறு: அசதியில் உடம்பு கனக்கும், தூக்கத்தில் கண் சொக்கும், தலை சாயும். அசதியோடு படுத்துத் தூக்கம் வராமல் புரண்டால், ‘இது விழித்துக் கவலைப்படும் இடம்’ என்று படுக்கையையே மூளை கற்றுக்கொள்கிறது. சோபாவில் டிவி முன்னால் தூங்கி விழுந்தவருக்குக் கட்டிலுக்குப் போனதும் முழிப்பு வருவது இதனால்தான். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன விதியை இன்று இப்படிச் சொல்கிறார்கள்: ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், சொக்கினால் மட்டும் திரும்பு.

அதே ஐயா: எழுந்தால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் ஓடிவிடுமே!

முதல் நான்கைந்து இரவு ஓடத்தான் செய்யும். ஒரே இரவில் ஐந்து முறைகூட எழ வேண்டிவரும். அதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

சுங்கை டுவா: ஐயா சொல்வதுதான் சரி. நான் அசையாமல் படுத்திருக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

எரிச்சல் இல்லாமல் சுகமாகப் படுத்திருக்க முடிந்தால் எழ வேண்டாம். கணக்கு நிமிடத்தில் இல்லை, எரிச்சலில் இருக்கிறது. ‘இன்னும் வரவில்லையே’ என்ற நினைப்பு வந்ததும் எழுந்துவிடுங்கள். 20 நிமிடத்தையும் மணி பார்த்து அளக்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், கைப்பேசி ஹாலில் கிடக்கட்டும்.

புக்கிட் மெர்தாஜாம்: இரண்டு அறை ஃபிளாட். ஹாலில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். எழுந்து எங்கே போவது?

கட்டிலுக்கு முதுகு காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். துணி மடிக்கலாம், புளியில் கொட்டை எடுக்கலாம், பழைய வார இதழ் படிக்கலாம். கை வேலையாக இருக்க வேண்டும், முடிக்காவிட்டாலும் பாதகமில்லாததாக இருக்க வேண்டும். வீட்டுக் கணக்கு, செய்தி, வாட்ஸ்அப் கூடாது.

அதே 71 வயது ஐயா: இருட்டில் எழுந்து நான் விழுந்தால் யார் பொறுப்பு?

இது நியாயமான கேள்வி, நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். தள்ளாட்டம் உள்ளவர்கள், இரத்த அழுத்த மாத்திரையால் எழுந்ததும் தலை சுற்றுகிறவர்கள் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து படியுங்கள். சொக்கியதும் படுத்துவிடுங்கள். படுத்த நிலையில் கவலைப்படாமல் இருப்பதுதான் நோக்கம், அது இதிலும் நிறைவேறும்.

பாலிக் புலாவ்: நம்ம ஊர் ஜாதிக்காயைப் பாலில் அரைத்துக் குடித்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். எவ்வளவு போடலாம்?

வாசனைக்கு ஒரு சிட்டிகை, அதற்குமேல் வேண்டாம். 5 கிராம், அதாவது தூளாக இரண்டு தேக்கரண்டி, நஞ்சாகிற அளவு: வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இல்லாதது தெரிவது. இதன் வேகம் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ‘வேலை செய்யவில்லையே’ என்று இரண்டாம் முறை குடிப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

பாயான் லெப்பாஸ்: வாரம் மாறும் இரவு ஷிஃப்ட். நீங்கள் சொல்லும் 6 மணி எனக்கு எப்படி?

ஒத்துவராது. உங்களுக்குக் கெட்டிருப்பது உடம்பின் கடிகாரம், அதற்குச் சிகிச்சை வேறு. ஃபேக்டரி டாக்டரிடம் ஷிஃப்ட் வரிசையைப் பற்றிப் பேசுங்கள்.

சுங்கை நிபோங்: மாலை 5 மணிக்கு ஒரே ஒரு தே தாரிக். அதுவுமா?

அதுவும்தான். சராசரி ஆளுக்கு அதன் காஃபினில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள். கோப்பி-ஓவுக்கும் இதே விதி.

கூலிம்: கடன் தொல்லை. நோட்டில் எழுதினால் கடன் தீருமா?

தீராது. வலப்பக்கம் எழுத வேண்டிய அடியைச் சொல்கிறேன்: ஏகேபிகே. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனை இலவசம், வங்கிக் கடன்களின் தவணையை மாற்றியமைக்க உதவுவார்கள்.

பெயர், ஊர் வேண்டாம்: தினமும் விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு. எதிலும் பிடிப்பில்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

மற்ற எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு உங்களோடு பேசுகிறேன். நோட்டும் நாற்காலியும் இப்போது உங்களுக்கு இல்லை. இது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இன்றிரவே பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணுக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. கையில் வழியும் துணிவும் வந்துவிட்டதாகத் தோன்றினால் 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்கார வையுங்கள். விடிந்ததும் அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், உங்கள் கேள்வியில் எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

71 வயது ஐயா: சரிம்மா, இன்றிரவு உட்கார்ந்து பார்க்கிறேன். விளக்கு எப்படி?

மஞ்சள் பல்பு ஐயா, கண் மட்டத்துக்குக் கீழே, எழுத்து தெரிகிற அளவுக்கு மட்டும். வெள்ளைக் குழல்விளக்கைப் போடாதீர்கள். காலையில் அதற்கு நேர்மாறு: நம் ஊரில் விடியவே 7 மணி தாண்டுகிறது, ஆகவே ஏழரைக்கு வாசலில் அரை மணி உட்காருங்கள், சட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூக்குக் கண்ணாடி கறுப்பாக இருக்கக் கூடாது.