இரண்டு படங்களுக்கு நடுவே

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வழக்கு: கையால் வரைந்த அனிமேஷன் உயர்ந்ததா, கணினியில் செய்தது உயர்ந்ததா? நான் 1996 முதல் ஏழு ஆண்டுகள் பென்சிலோடும், அதன் பிறகு கணினியோடும் இந்தத் தொழிலில் இருந்தவள். நடுவர் நாற்காலியில் உட்கார எனக்கு விருப்பமில்லை. என் மனதில் உள்ளதையே எழுதுகிறேன்.

கேள்வி: ராமாயணத்தை வைத்து இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து எடுத்த 1992-ஆம் ஆண்டுப் படம் 2025 ஜனவரியில் மறுபடி திரைக்கு வந்தது. அதையும், ஜூலையில் வந்த கணினிப் படமான 'மகாவதார் நரசிம்மா'வையும் விடுதி நண்பர்கள் சேர்ந்து பார்த்தோம். கையால் வரைந்த முதல் படத்தில்தான் உயிர் இருக்கிறது என்கிறது ஒரு கூட்டம். நரசிம்மர் வந்தபோது உடல் சிலிர்த்ததே, அதைப் பென்சில் தருமா என்கிறது மற்றொரு கூட்டம். நீங்கள் எந்தப் பக்கம்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பென்சில் பக்கம். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கோடம்பாக்கத்தில் நான் வேலை பார்த்த மாடி அறைக்கு உங்களை அழைத்துப்போக வேண்டும். பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றிலும் பால் நிறக் கண்ணாடி பதித்து அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸ், தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார், அவை 'கீ'. இரண்டு கீ-க்களுக்கு நடுவே வரவேண்டிய 'இன்பிட்வீன்' படங்கள் எங்களைப் போன்ற புதியவர்கள் தலையில்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு சிறுமி இடப்பக்கமிருந்து வலப்பக்கம் தலையைத் திருப்பும் காட்சி என்னிடம் வந்தது. முதல் தாளில் மூக்கு இங்கே, கடைசித் தாளில் அங்கே. அளந்து, சரிபாதியில் நடுப்படத்தை வரைந்தேன். கோடு சுத்தமாக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. மூத்தவர் ஐந்து தாள்களையும் விரலிடுக்கில் வைத்துப் புரட்டினார். "என்னம்மா, கதவு திரும்புகிற மாதிரி அல்லவா திரும்புகிறாள்? எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் உன் தலையைத் திருப்பிப் பார்" என்றார். பார்த்தேன். தலை நேர்கோட்டில் போகவில்லை. முகவாய் சற்றுத் தாழ்ந்து, ஒரு வளைவில் போய், மறுபக்கம் எழுந்தது. நடுவில் கண் ஒரு முறை மூடித் திறந்தது. இருபத்தொரு ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த தலை, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

கையால் வரைவதில் நான் நேசிப்பது இதைத்தான். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். தொண்ணூறு நிமிடப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் முழுநேரமும் அசைந்தால் 64,800 படங்கள். அவற்றில் ஒன்றுகூடத் தானாக வருவதில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பார்த்து, யோசித்து, அழித்து, மறுபடி போட்டிருக்கிறார். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'போன்யோ' 2008-இல் வந்தது. கணினி மலிந்துவிட்ட காலம். ஆனாலும் கடலின் அலைகளைக்கூடக் கையாலேயே வரைந்தார்கள். சுமார் 1,70,000 படங்கள். அந்த அலைகள் தண்ணீர் மாதிரி இல்லை. கரைக்கு ஓடிவரும் பெரிய மீன்கள் மாதிரி இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளை கடலை அப்படித்தானே பார்க்கும்?

சிலிர்த்த நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் சிலிர்ப்பு பொய்யில்லை. கனமான உடல் அடியெடுத்து வைக்குமுன் எவ்வளவு பின்வாங்க வேண்டும், எங்கே ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும் என்று கவனித்துச் செய்தவர் கணினிக்குப் பின்னாலும் இருந்தால்தான் சிலிர்ப்பு வரும்.

கேள்வி: தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கணினியே போட்டுக்கொள்கிறது. பிறகு அதில் கலைஞருக்கு என்ன வேலை?
— பொறியாளர், கோவை

பதில்: இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள்மீது அல்ல, இந்த எண்ணத்தின்மீது. 2003-இல் கணினிக்கு மாறியபோது எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி ஒரு பந்தைத் துள்ள வைப்பது. மேலே ஒரு கீ, தரையில் ஒரு கீ, மறுபடி மேலே ஒரு கீ. கணினி உடனே நடுவை நிரப்பிவிட்டது. பந்து தரையைத் தொட்டது. ஆனால் தரையில் மோதவில்லை. தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இறங்கி, மிதப்பதுபோல் எழுந்தது. என் முதல் தலைதிருப்பலில் நான் செய்த அதே தவறு! கணினி சரிபாதியை மட்டுமே அறியும். கீழே வர வர வேகம் கூட வேண்டும், உச்சியில் தயங்க வேண்டும் என்று, திரையில் அசைவின் வேகத்தைக் காட்டும் வளைகோடுகளை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

டிஸ்னியின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் அனுபவத்தை 12 விதிகளாக 1981-இல் புத்தகமாக எழுதினார்கள். 1987-இல் கணினி அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் ஜான் லாசெட்டர், அவற்றைக் கணினிக்கு எப்படிப் பொருத்துவது என்று ஒரு கட்டுரை எழுதினார். பென்சிலில் பயின்றவர் அவர். எட்டு ஆண்டுகள் கழித்து முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி'யை இயக்கியதும் அவர்தான். கணினி அனிமேஷன் பென்சிலுக்கு எதிரியாகப் பிறக்கவில்லை. பென்சிலின் மடியில் வளர்ந்த பிள்ளை அது.

கேள்வி: 2018-இல் 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' பார்த்தபோது பையன் மைல்ஸ் விட்டு விட்டு அசைவதுபோல் தெரிந்தது. தியேட்டர் புரொஜெக்டரில் பழுதா?
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் கண்ணுக்கு என் வணக்கம். புரொஜெக்டரில் குறையில்லை. காட்டில் மைல்ஸும் மூத்த ஸ்பைடர்மேன் பீட்டரும் வலையில் தொங்கி ஆடிச் செல்லும் இடத்தை மறுபடி பாருங்கள். அனுபவசாலியான பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைகிறார். கற்றுக்குட்டி மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் அசைகிறான். நாங்கள் லைட் பாக்ஸில் செய்த அதே கணக்கு. கணினிப் படத்தில் அதை வேண்டுமென்றே வைத்து, பையனின் தடுமாற்றத்தைச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: ரசிகர்கள் பென்சிலை வெறுத்ததால்தானே டிஸ்னி அதைக் கைவிட்டது?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. 2002-இல் டிஸ்னி இரண்டு படங்களை வெளியிட்டது. நீர்வண்ணப் பின்னணிகளோடு ஃபுளோரிடா ஸ்டூடியோவில் உருவான 'லிலோ அண்ட் ஸ்டிச்' பெரிய வெற்றி. அதைவிட அதிகச் செலவில் எடுத்த 'டிரெஷர் பிளானட்' பெரிய தோல்வி. இரண்டுமே கையால் வரைந்தவை. பிந்தியதில் சில்வர் என்ற கடற்கொள்ளையனின் உடலை டிஸ்னி கலைஞர் கிளென் கீன் பென்சிலால் வரைந்தார், அவனுடைய இயந்திரக் கையைக் கணினி வரைந்தது. இரண்டும் ஒரே ஆளாக அசைந்தன. அந்த அழகையும் தோல்வி விழுங்கிவிட்டது. ஒரு படம் வென்று ஒரு படம் தோற்றால் குற்றம் பென்சிலுடையதாக எப்படி ஆகும்? ஆனால் நிர்வாகம் கணினிப் படங்களின் வசூலைப் பார்த்தது. 2004 ஜனவரியில் வெற்றிப்படம் தந்த அந்த ஃபுளோரிடா ஸ்டூடியோவையே மூடினார்கள். 2011-இல் வந்த 'வின்னி த பூ'வுக்குப் பிறகு கையால் வரைந்த முழுநீளப் படம் எதையும் டிஸ்னி திரையரங்குக்குத் தரவில்லை.

எனக்கு வலிப்பது படங்கள் நின்றது மட்டுமல்ல. நடுப்படம் வரையும் மேசை போய்விட்டது. மூத்தவரின் கீ-யை மாதக்கணக்கில் பக்கத்தில் வைத்து, அதன் மேலேயே தாளைப் போட்டு வரையும்போது விரலுக்குள் இறங்கும் பாடத்தை இப்போது எங்கே போய்க் கற்பது? நான் வேலை பார்த்த இடத்திலும் பன்னிரண்டு மேசைகளை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆறு பேர் கணினிக்கு வந்தோம். மற்ற ஆறு பேரில் ஒருவர் பெயர்ப்பலகை எழுதப் போனார். கோடு போடுவதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர்.

கேள்வி: 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியோடு ஆடும் விலங்குகள் கணினியா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: 1989-இல் ஏது? கையால் வரைந்தவைதான். செய்தவர் இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகன். திருச்சி மாணவர் சொன்ன ராமாயணப் படத்திலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: ஒன்பது வயது மகள் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குச்சி மனிதர்களை வரைந்து, பக்கங்களைப் புரட்டி ஓடவிடுகிறாள். கணக்கு நோட்டு என்பதால் பள்ளியில் திட்டு. என்ன மென்பொருள் வாங்கித் தரலாம்?
— தந்தை, விருதுநகர்

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம், ஐயா. சாதாரண ஏ4 தாள் ஒரு கட்டு, மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு துளை போடும் பஞ்சிங் மெஷின் ஒன்று. ஒரு மரப்பலகையில் அந்தத் துளைகளின் இடைவெளிக்கு இரண்டு குச்சிகளை நட்டால் அதுவே பெக் பார். வெளிச்சத்துக்கு ஜன்னல் கண்ணாடி போதும். முதலில் ஒரு பந்தைத் துள்ளவிடச் சொல்லுங்கள். பிறகு மாவு மூட்டை விழுவதை. பிறகு உங்கள் வீட்டில் யாராவது நாற்காலியிலிருந்து எழுவதை. தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே வரையச் சொல்லுங்கள். முழங்காலில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒரு மூச்சு விட்டுத்தான் அவர்கள் எழுவார்கள். அந்த மூச்சை அவள் கவனித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், எந்த மென்பொருள் என்று அப்போது சொல்கிறேன்.

கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் அந்த ஓரங்களை நகல் எடுத்து அனுப்புங்கள், நான் புரட்டிப் பார்க்க வேண்டும்.