‘அனிமல்ஸ்’ கடைசியா?

கேள்வி: பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் ஆல்பங்களில் எனக்கு ‘தி வால்’ முதலிடம், ‘அனிமல்ஸ்’ கடைசி. ‘தி வால்’ பாட்டுகளைத் தினமும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போனில் கேட்கிறேன். ‘அனிமல்ஸ்’ சித்தப்பாவின் பழைய எல்பி இசைத்தட்டில் ஒருமுறை கேட்டேன்; கரகரப்புதான் மிச்சம். சித்தப்பா என் வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறார். யார் சரி? - ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: சித்தப்பா சிரித்ததோடு விட்டாரே, நல்லவர். நீங்கள் ஆல்பங்களை ஒப்பிடவில்லை. ஒரு போனையும் பூஞ்சை பிடித்த ஒரு இசைத்தட்டையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் தட்டைக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே காயாத ஊர் உங்களுடையது. காகித உறைக்குள் கிடக்கும் எல்பியில் பூஞ்சை ஏறாமல் இருக்குமா? அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, வரி, அதாவது ஊசி போகும் பள்ளம், ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் கீறல் விழும். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வரிக்குள் தங்கி அதுவே கரகரக்கும். நிறுத்தி வைத்து நிழலில் காயவிடுங்கள். குளிருக்குப் போட்ட ஹீட்டர் பக்கம் வைத்தால் தட்டு வளைந்துவிடும். பழைய காகித உறையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது.

அடுத்தது பஸ். வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரில் உறுமும் வண்டியில் சத்தமான பாட்டுகள்தான் பிழைக்கும். ‘தி வால்’ (1979) உங்களுக்குப் பிடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. இரண்டு எல்பியில் 26 துண்டுகள், ‘ஸ்டாப்’ அரை நிமிடம்தான். பிடிக்காததைத் தள்ளித் தள்ளிக் கேட்க வசதியான ஆல்பம் அது. ‘கம்ஃபர்டபிளி நம்’ பாட்டில் குழுவின் கிட்டார்காரர் கில்மரின் இரண்டு கிட்டார் தனிவாசிப்புகளுக்காக எதையும் மன்னிக்கலாம், சரி. அது மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. அதற்குப் பிறகு நான்காம் பக்கத்தை முழுதாக எத்தனை முறை கேட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

‘அனிமல்ஸ்’ (1977) மொத்தமே ஐந்து உருப்படி. ‘டாக்ஸ்’ மட்டும் 17 நிமிடம். அதன் நடுவில் ‘ஸ்டோன்’ என்ற ஒற்றைச் சொல் எதிரொலித்து எதிரொலித்து மெல்லச் சிந்தசைசருக்குள் கரையும். ‘ஷீப்’ பாட்டில் குழுவின் பேஸ் கிட்டார்காரரும் பாடகருமான வாட்டர்ஸ் ஒரு வரியின் கடைசி ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பார். எந்த இடத்தில் குரல் முடிந்து கருவி தொடங்கியது என்று காது கண்டுபிடிக்காது. அந்தப் பாட்டைத் தொடங்கிவைக்கும் எலெக்ட்ரிக் பியானோ குழுவின் கீபோர்டுகாரர் ரிச்சர்ட் ரைட்டுடையது. ஆனால் இந்த ஆல்பத்தில் இயற்றியவர் பட்டியலில் ரைட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குழு உடையத் தொடங்கியதை அட்டையிலேயே படிக்கலாம். ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் பாட்டே இல்லை என்று நீங்கள் சொல்லலாம்; முணுமுணுக்க வரிகள் இல்லை என்றால் ஒப்புக்கொள்வேன்.

என் வரிசை: ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975), ‘அனிமல்ஸ்’, ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973), ‘மெடில்’ (1971), ஐந்தாவதாக உங்கள் ‘தி வால்’.

முதலாவதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. ‘ஷைன் ஆன்’ பாட்டின் புகழ்பெற்ற அந்த நான்கு கிட்டார் ஸ்வரங்கள் வர நான்கு நிமிடம் ஆகும். அதுவரை மெல்லிய ஒலிதான், பஸ்ஸில் இன்ஜின் விழுங்கிவிடும். ‘ஹாவ் எ சிகார்’ முடிவில் ஒலி திடீரெனச் சுருங்கிப் பழைய ரேடியோ போல ஆகும். இயர்போன் போய்விட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். அந்த ரேடியோவுக்குள்ளிருந்துதான் அடுத்த பாட்டின் கிட்டார் கிளம்புகிறது. ஷஃபிள் போட்டுக் கேட்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

‘டார்க் சைட்’ மூன்றாவதா என்று கடிதங்கள் வரும், வரட்டும். ‘மனி’ ஏழு எண்ணிக்கைத் தாளம். சாக்ஸஃபோனும் அதே ஏழில் ஓட, கிட்டார் வந்ததும் நான்குக்கு மாறும். தொடையில் தட்டிப் பாருங்கள், தெரியும். குறை சொல்ல இடமில்லாத ஆல்பம்தான். அந்த வழுவழுப்பே எனக்குச் சற்று அதிகம். ‘மெடில்’ இடம்பிடிப்பது இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ‘எக்கோஸ்’ என்ற ஒரே உருப்படியால். முதல் பக்கத்தில் நாய் ஊளையிடும் ‘ஷேமஸ்’ பாட்டை நாய் வளர்ப்பவர்கள் ரசிக்கட்டும்.

மறுபடி வரிசை போடும்போது எல்லாவற்றையும் ஒரே கருவியில், ஒரே ஒலியளவில், முதலிலிருந்து முடிவு வரை கேளுங்கள். மலைப்பாதையில் சிக்னல் அறுந்து அறுந்து வரும் என்பதால் முழு ஆல்பத்தையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றும் கிராஸ்ஃபேட் வசதியை அணைத்துவிடுங்கள். ‘அனிமல்ஸ்’ 41 நிமிடம்தான், மேட்டுப்பாளையம் வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் இரவு வீட்டில் கேட்டால் நல்லது. இதில் 2022-இல் வெளியான, ஒலிகளை மறுபடி கலந்த புது மிக்ஸும் இருக்கிறது; டிரம்ஸும் பேஸும் அதில் தெளிவு. எதைக் கேட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு பேசுங்கள்.

ஆரம்பத்தில் குழுவின் பாடகராக இருந்த சிட் பேரட்டின் தலைமையில் வந்த முதல் ஆல்பத்தை (1967) இந்த வரிசையில் சேர்க்கவில்லை, அது வேறு குழு என்றே சொல்லலாம். ‘உம்மகும்மா’ என்ற இரட்டை ஆல்பத்தில் கச்சேரித் தட்டை மட்டும் கேட்டால் போதும்.