ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் ஆவிக்குரிய வாழ்வில் வளர்ந்திருக்கிறேனா என்று எப்படி அறிவது?

15 ஆண்டுகளாகத் தவறாமல் ஆலயத்திற்குச் செல்வதாகவும், வேதத்தை 3 முறை முழுவதும் வாசித்திருப்பதாகவும், ஆனாலும் அந்நிய பாஷை பேசுகிறவர்களையும் தரிசனம் காண்கிறவர்களையும் பார்க்கும்போது நீங்கள் இன்னும் குழந்தையாகவே இருப்பதாகத் தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே கலக்கம் எனக்கும் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது கொரிந்து நகரச் சபையாருக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய முதலாம் நிருபம், அதாவது கடிதம்.

கொரிந்து, இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே செழித்திருந்த வணிக நகரம். அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை நிறுவிய பவுல், பின்னர் எபேசுவில் இருந்தபோது இந்த நிருபத்தை எழுதினார். அவர்கள் எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே நன்றியோடு ஒப்புக்கொள்கிறார். அதே மக்களைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் குழந்தைகள் என்கிறார். பலமான உணவைத் தாங்க மாட்டார்கள் என்பதால் பாலைக் குடிக்கக் கொடுத்ததாகச் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் வேத அறிவிலோ வரங்களிலோ உள்ள குறைவு அன்று. "பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும்" அவர்களுக்குள் இருந்ததுதான். ஒருவன் பவுலின் பெயரைச் சொல்லியும், மற்றொருவன் அங்கே போதித்த அப்பொல்லோவின் பெயரைச் சொல்லியும் அணி பிரிந்தார்கள். கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் குடித்து வெறித்திருந்தான். அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தைத் திருமண ஆராதனைகளில் கேட்டே பழகிவிட்டதால், வரங்களைக் குறித்த இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே, சண்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்காக அது எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முதிர்ச்சி பெற்றவர்களை நம் தமிழ் வேதாகமம் "தேறினவர்கள்" என்று அழைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். நோயிலிருந்து தேறுகிறோம், பரீட்சையில் தேறுகிறோம். கலங்கிய ஆற்று நீரும் தேறுகிறது. என் ஆச்சி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தண்ணீரை ஊற்றி இரவு முழுவதும் அசைக்காமல் வைப்பார். காலையில் வண்டல் அடியில் இறங்கி, மேலே நீர் தெளிந்திருக்கும். யாராவது பானையை இடித்துவிட்டால் மறுபடியும் கலங்கிவிடும்.

என் பானை இடிபட்டது எங்கள் சேகரக் கமிட்டித் தேர்தலில், அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கான தேர்தலில். பெரியப்பா மகனான என் அண்ணன் எதிர் அணியில் நின்றார். வாக்கு எண்ணி முடிந்த இரவில் தொடங்கிய மௌனம் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆவியின் கனிகள் ஒன்பதையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில், பீடத்திலிருந்து புறப்படும் சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பெற்று அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிறு நான் தாமதமாகப் போய், இடம் இருந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் அண்ணன் இருப்பதைக் கவனித்தேன். சமாதானம் எங்கள் வரிசைக்கு வந்தபோது அவர் காய்த்துப்போன தம் இரு கைகளையும் நீட்டினார். நான் விரல் நுனியால் தொட்டுவிட்டு, ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்பமும் ரசமும் அன்று என் தொண்டையில் இறங்கவில்லை. உண்மையில் நான் எந்த வகுப்பில் இருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே நீங்கள் தரிசனம் காண்கிறவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். உங்களை மறுத்துப் பேசியவரிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள், அவருக்கு நன்மை வந்தால் உங்கள் மனம் என்ன சொல்கிறது என்பதைப் பாருங்கள். வேத வாசிப்பையும் ஜெபத்தையும் விடாமல் தொடருங்கள். அவை இல்லாமல் எதுவும் வளராது. அவற்றோடு, உங்களைக் கண்டித்துச் சொல்லும் உரிமையை உங்கள் சபையில் மூத்தவர் ஒருவருக்குக் கொடுங்கள். நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிகிறவர்களுக்கே பலமான ஆகாரம் தகும் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. அந்தப் பயிற்சி தனியறையில் மட்டும் கிடைப்பதில்லை. எனக்கு அதைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர். "காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது உனக்குத்தான்" என்று அவர் என் முகத்துக்கு நேரே சொன்ன பிறகே நான் அண்ணன் வீட்டுப் படி ஏறினேன். மன்னிப்புக் கேட்க நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை அண்ணன் கேட்கவே இல்லை, "சாப்பிட்டியாடே?" என்றார்.

எத்தனை ஆண்டுகள் ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல சபைகளை நிறுவிய பிறகு, கட்டுண்டவராக இருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுலே, தாம் முற்றும் தேறினவரானதாக எண்ணவில்லை என்கிறார். எங்களுக்குள் பேச்சு திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அந்தத் தேர்தலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது. அண்ணனின் மனைவியான மைனி அதைக் கவனித்து, காப்பி போட எழுந்து போகிறார்.