வீட்டருகே பகலில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆந்தை அரிய காட்டு ஆந்தையா? விரட்ட வேண்டுமா?

இரண்டுக்கும் பதில், இல்லை.

காட்டு ஆந்தை என்கிற அரிய இனம் மத்திய இந்தியக் காடுகளுக்கு உரியது. 1884க்குப் பிறகு அகப்படாமல், அழிந்தே போனதென்று நினைத்திருந்ததை 1997இல் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கம் மறுபடி கண்டார்கள். அதன் உச்சந்தலையில் புள்ளிகள் ஏறக்குறைய தெரியாது. நம் டெல்டாவில் நீங்கள் பார்த்தது புள்ளி ஆந்தை. 21 செ.மீ. நீளம், மைனாவைவிடக் குட்டை, ஆனால் குண்டு. தலை முழுக்க வெள்ளைப் பொட்டு.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். வாய்க்கால் கரை இலுப்பைப் பொந்தில் ஒரு ஜோடி இருந்தது. கிட்டே போனால் மஞ்சள் கண்ணால் முறைத்து, உடம்பையே ஏற்றி இறக்கித் தோப்புக்கரணம் போடும். பயமுறுத்துகிறது என்று சின்ன வயதில் நினைத்தேன். ஆந்தையின் விழி நம்முடையது போல உருளாது. தலையை அசைத்துத்தான் தூரத்தைக் கணிக்கும். பகலில் அது எங்கே இருக்கிறதென்று தேடவே வேண்டாம், கரிச்சானும் அணிலும் போடும் கூச்சலே காட்டிக்கொடுத்துவிடும்.

இருட்டியதும் தெருவிளக்குக் கம்பத்தில் வந்து உட்காரும். விளக்குக்கு வரும் வண்டு, அந்துப்பூச்சி, சுவரோரப் பல்லி, கிடைத்தால் சுண்டெலி. வயலில் கிட்டி வைத்துப் பிடிக்கிற பெரிய எலியை இது ஒழிக்கும் என்று சிலர் சொல்வது கொஞ்சம் அதிகப்படி. அந்த வேலைக்கு வெள்ளை முகக் கூகைதான் ஆள்.

அப்புறம் அந்த அலறல். கேட்டதும் "எவன் வீட்டுக்கோ ஓலை வந்துட்டு" என்பாள் என் அப்பாயி. அது தினமும் கத்தும். அப்பாயி சொன்னது நிஜமென்றால் எங்கள் தெருவில் இன்றைக்கு ஆளே இருக்க முடியாது. ஜோடியும் குஞ்சும் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அந்தச் சத்தம்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடும் காலம், பெரும்பாலும் மூன்று நான்கு முட்டை. கூடு கட்டத் தெரியாது. பொந்து இருந்தால்தான் குடித்தனம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் இலுப்பையை வேரோடு சாய்த்தபோது இதுதான் சிக்கலாயிற்று. அந்த ஜோடி என்னவாயிற்றோ. அடுத்த வருஷம், மூடிக்கிடக்கும் ரைஸ்மில் சுவர் ஓட்டையிலிருந்து ஒரு மஞ்சள் கண் எட்டிப் பார்த்தது. அதே ஜோடியா என்று எப்படிச் சொல்வது?

சரி, உங்கள் மரத்தில் பொந்துள்ள கிளையை வெட்ட நினைத்திருந்தால், சித்திரை முடியட்டும்.