வெள்ளையணு குறைந்தால் நோய் குறைந்ததாக அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68, சர்க்கரை நோயாளி. காலில் சீழ்ப்புண், குளிர்காய்ச்சல். முதல் நாள் வெள்ளையணு 17,800, தட்டணு 2.1 லட்சம். மறுநாள் 3,400, 95,000. கவுன்ட் இறங்கியதே என்று நாங்கள் நிம்மதியடைந்தோம். டாக்டரோ உடனே ஐ.சி.யு.வில் சேர்த்தார். இப்போது நலமாக வீடு திரும்பிவிட்டார். ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள்?

பதில்: அந்த அவசரம்தான் அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறது. டாக்டர் பயந்தது செப்சிஸை, அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை உறுப்புகளையே பாதிக்கும் நிலையை.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு. பாக்டீரியா நுழைந்ததும் எலும்பு மஜ்ஜை தன் கையிருப்பிலுள்ள நியூட்ரோஃபில்களை (பாக்டீரியாவோடு போராடும் வெள்ளையணு வகை) வெளியே அனுப்பும், எண்ணிக்கை ஏறும். தொற்று மிகக் கடுமையானால் அவை ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டும், திசுக்களுக்குள் புகுந்தும், மஜ்ஜை ஈடுகட்ட முடியாத வேகத்தில் செலவாகிவிடும். அப்போது எண்ணிக்கை சரியும். அதனால்தான் 12,000-க்கு மேல் போனாலும் 4,000-க்குக் கீழே வந்தாலும் இரண்டையுமே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். குணமாகும்போதும் எண்ணிக்கை இறங்கும்தான். ஆனால் காய்ச்சல் தணிந்து, சாப்பாடு இறங்கி, சில நாட்களில் படிப்படியாக இறங்கும். ஒரே நாளில் அதலபாதாளத்துக்குப் போகாது.

டோட்டல் கவுன்ட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கையிருப்பு தீர்ந்ததும் மஜ்ஜை முதிராத 'பேண்ட்' செல்களை அனுப்பத் தொடங்கும். இவை 10 சதவீதத்தைத் தாண்டினால், மொத்தம் 8,000 என்று இருந்தாலும் கவலைப்பட வேண்டும். இயந்திரம் இவற்றைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. ஸ்மியர் எடுத்து, அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் வெள்ளையணுவை ஏற்றும் என்பதால், சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

தட்டணு குறைந்தாலே நம் ஊரில் டெங்கு என்றுதான் நினைக்கிறோம். செப்சிஸிலும் குறையும்: நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிறுசிறு ரத்தக்கட்டிகள் உறைந்து உண்டாகித் தட்டணுக்களைத் தின்றுவிடும். டெங்குவில் வெள்ளையணு பொதுவாக ஆரம்பத்திலிருந்தே குறைவு. இங்கே 17,800-லிருந்து சரிந்திருக்கிறது, காலில் சீழும் இருக்கிறது. டெங்கு பரிசோதனை செய்யலாம், ஆனால் அதன் முடிவுக்காக ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சில சமயம் ரத்தம் சேகரிக்கும் சோதனைக் குழாயில் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொய்யாகக் குறைவு காட்டும். அதையும் ஸ்மியரில் பார்த்துவிடலாம்.

கவுன்ட் இயல்பாக இருந்தாலும் செப்சிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது, முதியவர்களிடம் குறிப்பாக. நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல் — காய்ச்சலோடு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பு பிளட் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரத்தம் எடுப்பார்கள், திசுக்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ஏறும் லேக்டேட் அளவைப் பார்ப்பார்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 3,400 என்ற எண்ணின் ஆபத்து, முந்தைய நாளின் 17,800-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.